வால்நட்சத்திரம் ஃபிலிம்ல விழணும்னா: அக்கா சொல்றேன், கேளு

வால்நட்சத்திரம் வருதுன்னு பேப்பர்ல செய்தி பார்த்ததும் நீ கேமராவை எடுத்து லென்ஸைத் துடைக்க உட்கார்ந்திருப்பே. அதை அப்படியே பெட்டியில வை. சுவத்துல தொங்குற தினசரி காலண்டரை எடுத்துட்டு வா. டிஜிட்டல்ல எடுக்கிறவங்க அங்கிட்டுப் போய் நின்னு நாலு படம் எடுத்து, திரையைப் பார்த்து, கூட்டிக் குறைச்சுக்குவாங்க. உன்கிட்ட இருக்கிறது 36 ஃப்ரேம். அதுல என்ன விழுந்திருக்குன்னு கழுவி வர்ற வரைக்கும் தெரியாது. அதனால எந்த நாள், எந்தத் திசை, எந்த ஊர்ங்கிறதை வீட்டுல இருந்தே முடிவு பண்ணிடணும் தங்கச்சி. மதுரைப் பக்கம் படம் கெட்டுப்போறதுக்குப் பாதிக்குப் பாதி காரணம் இந்த மூணுதான். கேமரா மேல பழி போடுறது சும்மா.

திதியைப் பாரு

வால்நட்சத்திரம் சாயங்காலம் மேற்கே தெரியுதா, விடிகாலை கிழக்கே தெரியுதா? அதை முதல்ல தெரிஞ்சுக்கோ. சாயங்காலம்னா, பௌர்ணமி கழிஞ்சு மூணு நாள் விட்டுடு. அதுக்கப்புறம் நிலா உதிக்கவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அங்கேர்ந்து அமாவாசை தாண்டி மூணாம் பிறை வரைக்கும் வானம் உன்னோடது. விடிகாலைன்னா அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு வளர்பிறை ஏகாதசி வரைக்கும் போகலாம். அமாவாசை கழிஞ்சு ஏகாதசி வரைக்கும் நிலா விடியறதுக்கு முன்னாடியே மறைஞ்சுடும்.

இது எவ்வளவு முக்கியம்னு ரெண்டு வால்நட்சத்திரத்தை வச்சுச் சொல்றேன். 1997-ல ஹேல்-பாப் வந்தப்போ மார்ச் 24 பௌர்ணமி, ஏப்ரல் 1 அது சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வந்த நாள், ஏப்ரல் 7 அமாவாசை. நல்லா ஜொலிச்ச ரெண்டு வாரமும் இருட்டு ராத்திரி. போதாக்குறைக்குப் பங்குனி மாசம், மழை கிடையாது. 2024-ல வந்த சூச்சின்ஷான்-அட்லஸுக்கு எல்லாம் தலைகீழ். அக்டோபர் 12-ம் தேதி நமக்கு ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர் தூரத்துல வந்து, சாயங்காலம் வெள்ளிக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் நடுவுல நின்னுச்சு. ஆனா 17-ம் தேதி பௌர்ணமி. 15-ம் தேதியே வடகிழக்குப் பருவமழை வேற இறங்கிருச்சு. மேகத்துல இடைவெளி கிடைச்ச ஊர்க்காரங்க எடுத்தாங்க, மத்தவங்க மொட்டைமாடியில குடையோட நின்னாங்க. ஐப்பசி, கார்த்திகையில வர்ற வால்நட்சத்திரத்துக்கு ஒரு நாளை மட்டும் நம்பி லீவு போடாதே. வாரம் முழுக்கக் கேமரா தயாரா இருக்கணும், வானம் திறந்த அன்னைக்குக் கிளம்பணும்.

இன்னொண்ணு. மதுரை பூமத்திய ரேகையிலேர்ந்து 10 டிகிரிகூடத் தள்ளி இல்லை. இங்கே சூரியன் நெட்டுக்குத்தா இறங்கும். மறைஞ்சு ஒன்னேகால் மணி நேரத்துல முழு இருட்டு வந்துடும். ஐரோப்பாக்காரங்களுக்கு அந்தி இழுத்துக்கிட்டே கிடக்கும், அவங்க எழுதின நேரக் கணக்கை அப்படியே எடுத்துக்காதே. சூரியனை ஒட்டி நிக்கிற வால்நட்சத்திரத்துக்கு நம்ம ஊர் நல்ல ஊர். ஆனா வடக்கே ஓடுறதுக்கு நம்ம ஊர் சரிப்படாது. துருவ நட்சத்திரம் இங்கே தொடுவானத்துலேர்ந்து 10 டிகிரிதான். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பாரு, அந்த ஒரு முட்டி உயரம். 1996-ல ஹியாகுடாகே மார்ச் 23, 24-ல சுவாதி பக்கம் நின்னப்போ நடுராத்திரி நம்ம தலைக்கு மேல இருந்துச்சு. 27-ம் தேதி துருவ நட்சத்திரத்துக்கிட்டப் போய் வடக்கே புழுதிக்குள்ள இறங்கிருச்சு. நடுவுல மூணு ராத்திரிதான். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு படுத்தவங்களுக்குப் பனைமர உயரத்துல ஒரு புகைதான் கிடைச்சிருக்கும்.

எங்கே நிக்கிறது

ஊர் வெளிச்சம் உன் முதுகுப் பக்கம் இருக்கணும். இது ஒண்ணுதான் விதி. கிழக்கே தெரியற வால்நட்சத்திரத்துக்கு மதுரைக்குக் கிழக்கே போ. சிவகங்கை தாண்டிக் காளையார்கோவில் பக்கம், இல்லைன்னா மானாமதுரை தாண்டி இளையான்குடி பக்கம். காளையார்கோவில்லேர்ந்து வடகிழக்கே காரைக்குடி இருக்கு, அந்த மூலையை மட்டும் கவனிச்சுக்கோ. மேற்கே தெரியறதுக்கு ஊருக்கு மேற்கேயோ தென்மேற்கேயோ போகணும். இங்கேதான் ஒரு சிக்கல். உசிலம்பட்டி, எழுமலைன்னு மலையை ஒட்டிப் போனா இருட்டு நல்லா இருக்கும், தொடுவானம் போயிடும். 1500 மீட்டர் மலையிலேர்ந்து 10 கிலோமீட்டர்ல நின்னா அது எட்டரை டிகிரி வானத்தை மறைக்கும். 40 கிலோமீட்டர் தள்ளி நின்னா 2 டிகிரிதான். ஒரு டிகிரின்னா ஏறக்குறைய 4 நிமிஷம், கணக்குப் போட்டுக்கோ. ஹேல்-பாப் முழு இருட்டு வந்தப்போ நமக்கு வடமேற்கே ஒரு முட்டி உயரத்துலதான் இருந்துச்சு. மலையடியில நின்னிருந்தா எடுக்க ஒண்ணும் மிஞ்சியிருக்காது. அதனால கல்லுப்பட்டிக்கும் விருதுநகருக்கும் நடுவுல இருக்கிற கரிசல் காடுதான் என் தேர்வு. நாலுவழிச்சாலையை விட்டு ரொம்ப உள்ளே போயிடு. டோல்கேட் ஹைமாஸ் விளக்கு, கப்பலூர்ல இருக்கிற மாதிரி, பல கிலோமீட்டர் தள்ளியும் ஃப்ரேம் ஓரத்துல மஞ்சளா ஏறும்.

நிக்கிற இடம் கண்மாய்க்கரையா இருக்கட்டும். நம்ம சீமையில நிலம் மேற்கேர்ந்து கிழக்கே சரியுது. அதனால பெரும்பாலான கண்மாய்க்குக் கரை கிழக்குப் பக்கம், நீர்ப்பிடிப்பு மேற்குப் பக்கம். கரைமேல ஏறி நின்னா மேற்கே மரமில்லாத வெட்டவெளி, தண்ணி இருந்தா வாலோட நிழலும் கிடைக்கும். கிழக்கே திரும்பினா கீழே வயக்காடு, அதுவும் திறந்தவெளிதான். ஒரே கரை ரெண்டு வால்நட்சத்திரத்துக்கும் ஆகும். கரை மண்ணு மெத்து மெத்துன்னு இருக்கும். பக்கத்துல ஆள் நடந்தாலே ஸ்டாண்டு ஆடும். மடை கட்டியிருக்கிற இடத்துல சிமெண்ட் மேடை இருக்கும் பாரு, அங்கே ஸ்டாண்டை நாட்டு. கலுங்கு பக்கம் பாசி வழுக்கும், இருட்டுல அங்கே வேண்டாம்.

பகல்லயே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வா. எந்தப் பனைக்குப் பின்னாடி எது வரும், தெருவிளக்கு எங்கே, நாய் எத்தனைன்னு தெரிஞ்சுக்கலாம். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுற ஊரா இருந்தா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் பாரு. அந்தப் புகை ராத்திரியில எழும்பாம வயக்காட்டு மேலயே படுத்துக் கிடக்கும். டீக்கடையில ரெண்டு பேர்கிட்ட, ராத்திரி வானத்தைப் போட்டோ எடுக்க வருவோம்னு சொல்லிடு. நாலு மணிக்குக் கண்மாய்க்கரையில முன்பின் தெரியாத ஆளு நின்னா எந்த ஊர்ல சும்மா விடுவாங்க? தனியா மட்டும் போகாதே. மூடின செருப்பு, டார்ச், கூட ரெண்டு பேர். கரைப் பொந்துல விரியன் இருக்கும். டார்ச் மேல சிவப்புக் கண்ணாடித்தாளை ரெண்டு மடிப்பாக் கட்டிக்கோ, கண்ணு இருட்டுக்குப் பழகினது கெடாது. அழகர்மலை காப்புக்காடு, ராத்திரி அனுமதி கிடையாது. சமணர் மலை தொல்லியல் சின்னம். ரெண்டையும் பட்டியல்லேர்ந்து அடிச்சுடு.

மீனாட்சியம்மன் கோபுரத்துக்கு மேல வால்நட்சத்திரம் வர்ற மாதிரி ஒரே ஷாட் எடுக்கலாமான்னு கேக்காதே. மாசி வீதி வெளிச்சத்துல வால் தெரியாது. ரெண்டு படத்தை ஒட்டி அப்படிப் போடுறவங்க இருக்காங்க. எனக்கு அது பிடிக்காது.

எந்த ஃபிலிம், எவ்வளவு நேரம்

முதல் தடவைக்கு ரெண்டே வழி. கருப்பு வெள்ளைன்னா இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கலர்னா கோடக் அல்ட்ராமேக்ஸ் 400. காசு தாங்கும்னா போர்ட்ரா 800. ஸ்லைடு அழகுதான், ஆனா கழுவ வெளியூருக்கு அனுப்பணும், வெளிச்சக் கணக்குக் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்காது. அதை அடுத்த வால்நட்சத்திரத்துக்கு வச்சுக்கோ. டங்ஸ்டன் ஃபிலிம் போட்டு வானத்தை நீலமாக்குறது ஒரு ஃபேஷன். வால்நட்சத்திரத்துல வாயு வால் தானே நீலமா இருக்கும், தூசி வால் வெளிர் மஞ்சளா இருக்கும். ஹேல்-பாப்ல ரெண்டும் தனித்தனியாப் பிரிஞ்சு தெரிஞ்சதுதான் அழகே. வானம் முழுக்க நீலமானா அந்த வித்தியாசம் அடிபட்டுப்போகும். பகல் வெளிச்சத்துக்கான சாதா கலர் ஃபிலிம் போதும்.

கேமராவுல பி செட்டிங் இருக்கணும், ஷட்டர் பேட்டரி இல்லாம ஓடணும். பென்டாக்ஸ் கே1000, நிகான் எஃப்எம்2 மாதிரி பழைய மெக்கானிக்கல் பாடி இதுக்கு ராஜா. பூட்டு வச்ச கேபிள் ரிலீஸ் ஒண்ணு வாங்கு. 50 எம்எம் லென்ஸ் போதும், வால் நீளமா இருந்தா 28. முழுசாத் திறக்காம எஃப்2.8-ல வை. முழுத் திறப்புல ஓரத்து நட்சத்திரமெல்லாம் சிறகு முளைச்ச மாதிரி விழும். யூவி ஃபில்டரைக் கழட்டிடு.

ஸ்டாண்டு அசையாம இருந்தாலும் பூமி சுத்துதே. 500-ஐ லென்ஸோட எம்எம்மால வகுத்தா எத்தனை செகண்ட் வரைக்கும் நட்சத்திரம் கோடாகாதுன்னு வரும். 50 எம்எம்முக்கு 10 செகண்ட், 28-க்கு 18. வடக்கே தள்ளி இருக்கிற நட்சத்திரம் மெதுவா நகரும், அங்கே 50-க்கே 14 வரைக்கும் போகலாம். இதுக்கு மேல நேரத்தை நீட்டினா ஃபிலிம் ஒத்துழைக்காது. வெளிச்சம் கம்மியானா ஃபிலிமோட வேகமே விழுந்துடும், ரெசிப்ராசிட்டின்னு சொல்வாங்க. எச்பி5-ல மீட்டர் 10 செகண்ட்னா நிஜத்துல 20 வேணும். 30 செகண்ட்னா ஏறக்குறைய 86. நேரத்தைக் கூட்டக் கூட்டப் பலன் குறைஞ்சுக்கிட்டே போகும். அதனால குறைஞ்ச நேரம் எடுத்துட்டு, 1600-க்குப் புஷ் பண்ணி, அதாவது டெவலப்பர்ல கூடுதல் நேரம் வச்சுக் கழுவுறது புத்திசாலித்தனம்.

இப்ப கையைப் பத்திச் சொல்றேன், இதைக் கவனமாக் கேளு. ஷட்டரைத் திறக்கிற நொடியில உள்ளே கண்ணாடி மேலே அடிக்கும், பாடி அதிரும். அதனால கால் அடி சதுரத்துல ஒரு கறுப்பு அட்டை வச்சுக்கோ. லென்ஸுக்கு முன்னாடி, தொடாம, ஒரு விரல்கடை தள்ளிப் பிடி. கேபிளை அழுத்திப் பூட்டு. மனசுக்குள்ள ரெண்டு எண்ணு, அதிர்வு அடங்கட்டும். அட்டையை மேல்பக்கமா எடு. 10 எண்ணு. திரும்ப அட்டையைப் போட்டு மறை, அப்புறம் பூட்டைத் திற. நிஜமான ஷட்டர் அந்த அட்டைதான். நடுவுல பைக் லைட்டு வந்தா அட்டையைப் போட்டுட்டுக் காத்திருக்கலாம், ஃப்ரேம் வீணாகாது.

ஒவ்வொரு கோணத்துலயும் 5, 10, 20 செகண்ட்னு மூணு எடு. அந்தி வெளிச்சம் இருக்கும்போது 2, 4, 8. சூரியன் மறைஞ்சு முப்பது, நாப்பது நிமிஷத்துல ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கிட்டே போ. ஃபிலிம்ல நேரமும் அப்பர்ச்சரும் தானாப் பதியாது. ஃப்ரேம் நம்பர், மணி, செகண்ட், எஃப் நம்பர் நாலையும் பாக்கெட் நோட்டுல உடனே எழுது, காலையில எழுதிக்கலாம்னு விடாதே.

ரெண்டு மூணு நிமிஷம் எடுத்து வாயு வாலை நல்லாக் கொண்டுவரணும்னா கேமராவையும் வானத்தோட சேர்த்துத் திருப்பணும். அதுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேண்டாம். 1975-ல ஜார்ஜ் ஹேக்னு ஒருத்தர் ரெண்டு பலகையும் ஒரு கீலும் வச்சே செஞ்சு காட்டினார். ஹார்ட்வேர் கடையில 6 எம்எம் போல்ட்டு, நட்டு, நல்ல கீல் வாங்கு. கீலோட அச்சிலேர்ந்து போல்ட்டு வரைக்கும் 229 மில்லிமீட்டர் இருக்கணும், இதை மட்டும் கண்ணளவுல விடாதே. அந்தப் போல்ட்டு ஒரு சுத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். நிமிஷத்துக்கு ஒரு சுத்துத் திருப்பினா வானத்தோட வேகம் வந்துடும், 15 செகண்டுக்குக் கால் சுத்து. வடக்கே பார்த்து நின்னா கீல் இடது பக்கம், போல்ட்டு வலது பக்கம், கீலோட அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்கணும். நமக்கு அது ஒரு முட்டி உயரம்தானே, பலகை கிட்டத்தட்டப் படுத்த மாதிரிதான் இருக்கும். வெளியூர் படத்துல பலகை நல்லாச் சாய்ஞ்சு இருக்கிறதைப் பார்த்துக் குழம்பாதே. இதுல எடுத்தா வால் நல்லா விழும், பனைமரம் கலங்கிப்போகும். ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல வேணும்னா ஸ்டாண்டுதான்.

கழுவுற கதை

ஃபிலிமை ஃபிரிட்ஜ்ல வச்சிருந்தா, டப்பாவைத் திறக்காம ரெண்டு மணி நேரம் வெளியே வச்சுட்டு அப்புறம் லோட் பண்ணு. இல்லைன்னா உள்ளே வேர்த்துடும். பைக் பெட்டியில, கார் டேஷ்போர்டுல மட்டும் வைக்காதே. மதுரை வெயில்ல ஒரு மத்தியானம் போதும்.

கருப்பு வெள்ளையை வீட்டுலயே கழுவு. எச்பி5-ஐ 1600-க்குப் புஷ் பண்ண, ஐடி-11 டெவலப்பரைத் தண்ணி கலக்காம 20 டிகிரியில 14 நிமிஷம். நம்ம ஊர்ல 20 டிகிரி தண்ணிக்கு எங்கே போறது? பங்குனியில சின்டெக்ஸ் தண்ணி 30-ஐத் தாண்டும். மண்பானைத் தண்ணியை அகலமான டப்புல ஊத்தி, கெமிக்கல் பாட்டிலையும் டேங்க்கையும் அதுக்குள்ள நிறுத்து. ஐஸைத் தண்ணியில போடு, டெவலப்பருக்குள்ள போட்டுடாதே. ரொம்ப மெனக்கெட வேண்டாம், 24 டிகிரி வந்தாப் போதும். ஒவ்வொரு டிகிரிக்கும் நேரத்துல பத்துல ஒரு பங்கு குறைச்சா ஒன்பதேகால் நிமிஷம் வரும். ஹைப்போவும் கடைசியில அலசுற தண்ணியும் அதே சூட்டுல இருக்கணும். திடீர்னு மாறினா ஃபிலிம் மேல தோல் சுருங்கின மாதிரி கோடு விழும், ராத்திரி வானத்துல அது அப்பட்டமாத் தெரியும்.

கலரை லேப்ல கொடுக்கும்போது இருக்கிற பெரிய ஆபத்து கத்தரிக்கோல். நட்சத்திரப் படம் மெஷினுக்கு வெறும் ஃப்ரேம் மாதிரிதான் தெரியும். இடைவெளி எங்கேன்னு கண்டுபிடிக்க முடியாம வால் நடுவுல வெட்டிடும், இல்லைன்னா ஒண்ணுமில்லைன்னு ஸ்கேன் பண்ணாம விட்டுடும். அதனால ரோலோட முதல் ஃப்ரேம் பகல்ல எடு, வீட்டு வாசலோ கோலமோ ஏதாவது ஒண்ணு. நடுநடுவுலயும் ஒண்ணு ரெண்டு எடு. கவர் மேல பெரிசா எழுது: வெட்ட வேண்டாம், ராத்திரி வானம், எல்லா ஃப்ரேமும் ஸ்கேன் பண்ணவும். எழுதினதைக் கவுண்டர்ல இருக்கிறவர்கிட்ட வாயாலயும் சொல்லு.

நெகட்டிவ் வந்ததும் செல்போன் வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துட்டு மூடி வைக்காதே. வெள்ளை வெளிச்சத்து மேல வச்சு லூப்பால மூலை மூலையாப் பாரு. நம்ம காவலூர் வானாய்வகத்துக்குப் பேர் கொடுத்த வைணு பாப்பு, 1949 ஜூலையில ஹார்வர்டுல மாணவரா இருந்தப்போ, தான் எடுத்த போட்டோ தகட்டைச் சோதிச்சுப் பார்த்துத்தான் ஒரு புது வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சார். பாப்பு-போக்-நியூகிர்க்னு அதுக்குப் பேர். உனக்குப் புதுசா ஒண்ணும் மாட்டாட்டியும், மெலிசான வாயு வால் ஸ்கேன்ல காணாமப் போயிருக்கும், நெகட்டிவ்ல இருக்கும்.

வால்நட்சத்திரம் நமக்காகக் காத்திருக்காது. ஹியாகுடாகேவைக் கண்டுபிடிச்சது 1996 ஜனவரி கடைசியில, அது பூமிக்குக் கிட்ட வந்தது மார்ச் 25-ல. எட்டு வாரம்கூட இல்லை. அதுக்குள்ள பலகை அறுத்து, கண்மாய் தேடி, லேப் விசாரிச்சு முடிக்க முடியாது. அதனால வர்ற அமாவாசைக்கு ஒரு ரோலை ஒதுக்கிடு. வால்நட்சத்திரம் இல்லாட்டி என்ன, அன்னைக்கு இருக்கிற நட்சத்திரத்தை வச்சு 5, 10, 20 செகண்டை எடுத்துப் பழகு. நாளைக்குக் காலையில முதல் வேலையா, நீ கொடுக்கப்போற லேப்புக்குப் போன் போட்டு, கலர் நெகட்டிவ் இன்னும் கழுவுறாங்களா, எத்தனை நாளாகும்னு கேட்டுடு.